எஸ்டேட் சேல் கமிஷன்: கைக்கு வருவது எவ்வளவு?

அமெரிக்காவில் பெற்றோர் காலமான பிறகோ, அவர்கள் முதியோர் இல்லத்துக்கு மாறும்போதோ வீடு நிறையச் சாமான்கள் மிஞ்சும். அவற்றுக்கு விலைச்சீட்டு ஒட்டி, அந்த வீட்டிலேயே இரண்டு மூன்று நாளில் விற்றுக் கொடுக்கத் தனி நிறுவனங்கள் இருக்கின்றன. இதை எஸ்டேட் சேல் என்பார்கள். அங்கே குடியேறிய நம்மவர்களில் மூத்த தலைமுறைக்கும் இப்போது அந்த வயது வந்துவிட்டது. துக்கத்திலும் அவசரத்திலும் பிள்ளைகள் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது எனக்குப் பெரிய கவலை.

நம்பிக்கை: கமிஷன் குறைவாகக் கேட்பவரே நமக்கு லாபம்.

உண்மை: பெரும்பாலும் 30 முதல் 50 சதவீதம் வரை கேட்கிறார்கள். ஆனால் விளம்பரம், ஆள்கூலி, குப்பை அள்ளுதல், கிரெடிட் கார்டு கட்டணம் ஆகியவை அதில் அடக்கமா, தனியா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மொத்த விற்பனை 12,000 டாலர் என்று வையுங்கள். ஒருவர் 30 சதவீதம், அதாவது 3,600 டாலர் எடுத்துக்கொண்டு, செலவுக் கணக்கில் இன்னும் 2,500 கழிக்கிறார். உங்களுக்கு வருவது 5,900. எல்லாம் அடக்கமாக 40 சதவீதம் கேட்டவரோ 4,800 எடுத்துக்கொண்டு 7,200 தருவார். குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அதையும் பாருங்கள். விற்பனை படுத்துவிட்டால், சதவீதம் எதுவானாலும் அந்தத் தொகை போய்விடும்.

நம்பிக்கை: 40 சதவீதம் கேட்பது பகல்கொள்ளை.

உண்மை: அலமாரி அலமாரியாகப் பிரித்து, பொருளுக்குப் பொருள் விலை விசாரித்து, படமெடுத்து விளம்பரம் செய்து, விற்பனை நாளில் ஒவ்வொரு அறைக்கும் ஆள் நிறுத்துவது லேசான வேலையல்ல. விலை தெரிந்தவர் கையில் ஒரு பழைய கைக்கடிகாரம் கிடைத்தால், அந்த ஒன்றே கமிஷன் வித்தியாசத்தை ஈடுகட்டிவிடலாம்.

நம்பிக்கை: விலைச்சீட்டில் உள்ள தொகையில் கமிஷன் போக மீதி நமக்கு.

உண்மை: முதல் நாள் முழு விலை, அடுத்த நாள் 25 சதவீதம் தள்ளுபடி, கடைசி நாள் பாதி விலை என்பது பரவலான வழக்கம். 600 டாலர் சீட்டு ஒட்டிய சாப்பாட்டு மேசை கடைசி நாளில் 300-க்குப் போகும். அதில் 40 சதவீதம் கழிந்தால் உங்களுக்கு 180. கனமான மர மேசைகளுக்கும் பீங்கான் செட்டுகளுக்கும் முன்பிருந்த கிராக்கி இல்லாததால், பல வீடுகளில் அவை கடைசி நாள் வரை அப்படியே நிற்கின்றன.

நம்பிக்கை: விற்பனை கூடினால் கமிஷன் தானாகக் குறையும்.

உண்மை: சில ஒப்பந்தங்களில் 10,000 டாலர் வரை 45 சதவீதம், அதைத் தாண்டினால் 35 என்பதுபோல் எழுதியிருக்கும். அந்த 35 மொத்தத்துக்குமா, தாண்டிய பகுதிக்கு மட்டுமா? 12,000 டாலர் விற்பனையில் இந்த ஒரு வரியால் 1,000 டாலர் வித்தியாசம் வரும். எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கையெழுத்தான பிறகு அம்மாவின் தையல் மெஷினைத் திரும்ப எடுத்தால் அதற்கும் கமிஷன் கேட்கும் ஒப்பந்தங்கள் உண்டு. வேண்டியவற்றைக் கையெழுத்துப் போடும் முன்பே வீட்டைவிட்டு எடுத்துவிடுங்கள்.