முழங்கால் வலியோடு ஓடலாமா?

கேள்வி: வயது 45, எடை 82 கிலோ. படியேறினால் முழங்கால் வலிக்கிறது. எடை குறைய ஓட்டமா, சைக்கிளா?
– வாசகி, திருச்சி

பதில்: ஓட்டம் இப்போதைக்கு வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்கும். சைக்கிளில் உங்கள் எடையை சீட்டு தாங்கிக்கொள்ளும். ஆனால் சீட்டைத் தாழ்வாக வைக்காதீர்கள். முழங்கால் அதிகம் மடங்கி வலி கூடும். நீச்சல் தெரியுமென்றால் இன்னும் நல்லது.

வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், மிதமான வேகத்தில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதம் என்றால்? பேச முடியும், பாட முடியாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் சரி. முதல் வாரம் தினம் 15 நிமிடம் போதும்.

அரை மணி மிதித்துக் கரைத்ததை டீக்கடை வடை இரண்டே திருப்பிக் கொடுத்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வீங்கியிருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.