பொறுக்கிய கதிரில் கிடைத்த மகிழ்ச்சி

வாசிக்க: ரூத் 1, 2 அதிகாரங்கள்

பஞ்சத்தால் பெத்லகேமை விட்டுப் போன நகோமி, மோவாப் நாட்டில் கணவனையும் ஆண்மக்கள் இருவரையும் இழந்தாள். ஏறக்குறைய 10 வருடங்களின் பின் வெறுங்கையோடு திரும்பியவள், தன்னை 'மாராள்', அதாவது கசப்பானவள், என்றே அழைக்கச் சொன்னாள்.

கூட வந்த மருமகள் ரூத் அந்நிய நாட்டவள். வாற்கோதுமை அறுவடையில் வெட்டுக்காரரின் பின்னால் போய்ச் சிந்திய கதிர்களைப் பொறுக்கினாள். அது பிச்சையல்ல, ஏழைக்கும் அந்நியனுக்கும் அதை விட்டுவைக்க வேண்டும் என்பது மோசேயின் சட்டம். மாலையில் தட்டி எடுத்தபோது ஏறக்குறைய ஒரு மரக்கால் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டிலும் மாமிக்கு மீதி வைத்திருந்தாள். கசந்திருந்த நகோமியின் வாய் அன்று கடவுளின் பெயரால் வாழ்த்தியது.

வயற்காரர் போவாசும் தாழ்மையுள்ளவர். அவளை வெட்கப்படுத்த வேண்டாம், அரிக்கட்டிலிருந்தும் சில கதிர்களை உருவிப் போடுங்கள் என்று தம் ஆட்களுக்குச் சொல்லிவைத்தார்.

தாழ்மை என்பது நம்மை நாமே இழிவாக எண்ணுவதல்ல. சொந்தக் காணியில் விதைத்தவர் பிறர் வயலில் கூலிக்கு நின்றாலும் அவருடைய மதிப்புக் குறைவதில்லை. கிடைத்ததை நன்றியோடு ஏற்று, அதிலும் ஒரு பங்கைப் பிறருக்கு வைப்பவரின் உள்ளத்தில் மகிழ்ச்சி தங்கும். இந்த ரூத்தின் வழிமரபிலேதான் இயேசு பிறந்தார் (மத்தேயு 1:5).

கலந்துரையாட: உதவி பெறுபவர் வெட்கப்படாதபடி நாம் எப்படிக் கொடுக்கலாம்?