நுரையா, காற்றா? கடலூர்ப் படகுக்கும் பிச்சாவரத் தோணிக்கும் ஏற்ற லைஃப் ஜாக்கெட்

விமானத்திலிருந்து பாராசூட் கட்டிக் குதிப்பவர்களிடம் ஒரு கறாரான வழக்கம் உண்டு. அவர்கள் முதுகில் இரண்டு பாராசூட்டுகள் இருக்கும். முதலாவதை அவரவரே மடித்துக்கொள்ளலாம். அது விரியாமல் போனால் காப்பாற்ற வேண்டிய இரண்டாவதை உரிமம் பெற்றவர்தான் மடிக்க வேண்டும். மடித்து முத்திரை வைத்து, கூடவே இருக்கும் அட்டையில் தேதி எழுதிக் கையெழுத்தும் போட வேண்டும். அமெரிக்க விதிப்படி, ஒருமுறைகூடப் பயன்படாமல் கிடந்தாலும், 180 நாளுக்குள் பிரித்துப் பார்த்து மறுபடி மடித்தால்தான் அதைக் கட்டிக்கொண்டு குதிக்கலாம்.

கடலூர் மாவட்டத்தில் வானத்திலிருந்து குதிப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தண்ணீரில் போகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. முதுநகர் துறைமுகத்திலிருந்து விசைப்படகில் போகிறார்கள். தேவனாம்பட்டினத்திலும் தாழங்குடாவிலும் விடியுமுன் ஃபைபர் படகைத் தள்ளுகிறார்கள். சிதம்பரத்துக்கு வந்த கையோடு பிச்சாவரம் போய்ச் சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் சுற்றுகிறார்கள். இவர்களுக்கெல்லாம் அந்த இரண்டாவது பாராசூட்டின் இடத்தில் இருப்பது லைஃப் ஜாக்கெட். அதைக் கடைசியாகச் சோதித்தது யார், எப்போது? சொல்ல எந்த அட்டையும் கிடையாது. அதனால்தான், ஜாக்கெட் வாங்கப் போகிறவர் ‘எது அதிகம் மிதக்கும்’ என்று கேட்பதற்கு முன் ‘இதை யார் சோதிக்கப் போகிறார்’ என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

மிதக்கும் கணக்கையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜாக்கெட்டின் உட்புறச் சீட்டில் 50, 100, 150, 275 என்று ஏதாவது ஒரு நியூட்டன் எண் இருக்கும். பத்து நியூட்டன் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் உடம்பு தண்ணீருக்குள் பெரும்பாலும் தானே மிதக்கும். தலையை வெளியே நிறுத்த இன்னும் மூன்று முதல் ஐந்தரை கிலோ வரை தூக்கினால் போதும். ஆகவே 50 நியூட்டன் ஜாக்கெட், நீந்தத் தெரிந்தவருக்கு, கரையோரத்தில், ஆள் நினைவோடு இருக்கும்வரை உதவும். 100 என்பது அமைதியான நீருக்கானது. மயங்கியவரையும் மல்லாக்கப் புரட்டி முகத்தை மேலே வைக்க 150 வேண்டும். 275 ஆழ்கடலில் கனத்த உடுப்போடும் கருவிகளோடும் வேலை செய்பவர்களுக்கு. நமக்கு அது தேவைப்படாது. சீட்டே இல்லாத, எண்ணே இல்லாத ஆரஞ்சு நிறச் சட்டைகளும் கடைகளில் தொங்குகின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம்.

வங்கக் கடல் வெதுவெதுப்பானது. ஐரோப்பியக் கடல்களைப்போல அரை மணியில் குளிர் ஆளை முடக்கிவிடாது. இங்கே விழுந்தவரைக் கொல்வது பெரும்பாலும் களைப்பு. கையும் காலும் ஓய்ந்த பிறகும் முகத்தைத் தண்ணீருக்கு மேல் வைக்க ஏதாவது இருந்தால், தேடி வருபவர்களுக்குப் பல மணி நேரம் கிடைக்கும்.

நுரை ஜாக்கெட்

உள்ளே நுரைப் பலகை, வெளியே துணி, கட்ட வார். அவ்வளவுதான். விசை இல்லை, சிலிண்டர் இல்லை, மடிப்பு இல்லை. தண்ணீரில் விழுந்த கணமே மிதக்கும். துணி கிழிந்தாலும் மிதக்கும். சோதிக்க நிபுணர் வேண்டியதில்லை, கண்ணும் கையும் போதும். துணி வெளுத்து, விரலால் இழுத்தால் நார் நாராக வருகிறதா? வெயில் அதைத் தின்றுவிட்டது. நுரையை அழுத்தி விடுங்கள். பழைய உருவுக்குத் திரும்பாமல் பள்ளமாகவே நின்றாலோ, உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டாலோ தூக்கிப் போடுங்கள். படகில் இதைத் தலையணையாகவும் இருக்கையாகவும் ஆக்கிக்கொள்வது வழக்கம். தினமும் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் நுரை நசுங்கி மிதப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கும். தலையணை வேண்டுமென்றால் தலையணையே வாங்கிவிடலாம், மலிவு.

சந்தேகம் தீரவில்லையா? மளிகைக் கடையின் 5 கிலோ இரும்புப் படிக்கல்லை ஜாக்கெட்டில் கட்டித் தண்ணீர்த் தொட்டியில் இரவு முழுக்கப் போட்டுவையுங்கள். 50 நியூட்டன் ஜாக்கெட்டே அதைத் தாங்க வேண்டும். 100, 150 என்று அச்சிட்டது 10 கிலோவைத் தாங்க வேண்டும். கப்பல் ஜாக்கெட்டுகளுக்கான சர்வதேச விதியும் இதே வழியில்தான் போகிறது: 24 மணி நேரம் நன்னீரில் அமிழ்ந்து கிடந்த பிறகு மிதப்பில் 5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது.

குறையும் உண்டு. வெயிலில் புழுங்கும். மார்பில் பருமனாக நிற்பதால் வலை இழுக்கும்போது இடிக்கும். கொக்கியிலும் வாரிலும் வலைக்கண் மாட்டும். ‘இத மாட்டிக்கிட்டு எங்கங்க வலை இழுக்கிறது?’ என்று மீனவர்கள் கேட்பதில் சோம்பல் எதுவும் இல்லை. ஓடும் வலை உடம்பில் மாட்டினால் அது ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

காற்று நிரம்பும் ஜாக்கெட்

கழுத்தைச் சுற்றிப் போட்ட பட்டையான துண்டுபோல் இருக்கும். வேலைக்கு இடைஞ்சல் இல்லை, வியர்வை குறைவு. உள்ளே மடித்த பை ஒன்று, கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் ஒன்று. கயிற்றை இழுத்தால் ஊசி சிலிண்டரைத் துளைத்துச் சில விநாடியில் பை உப்பிவிடும். 150 நியூட்டன் வகையில் வழக்கமாக 33 கிராம் வாயு இருக்கும். தானியங்கி வகை தண்ணீர் பட்டதும் தானே உப்பும்.

கடையில் போட்டுப் பார்ப்பவர் உடனே இதற்கு மயங்கிவிடுவார். ஆனால் பாராசூட்டோடு இதற்கு நெருங்கிய உறவு: மடித்து மூடிய நிலையில் நல்லதற்கும் கெட்டதற்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. நுரை கெட்டால் பாதியாவது மிதக்கும். இது கெட்டால் வெறும் துணி.

ஆகவே வருடத்துக்கு ஒருமுறையாவது முழுச் சோதனை வேண்டும். உறையைப் பிரியுங்கள். சிலிண்டரைக் கழற்றி அதன் வாயைப் பாருங்கள். துளை விழுந்திருந்தால் அது ஏற்கெனவே பயன்பட்டது. துளை இல்லாவிட்டாலும் வாயு கசிந்திருக்கலாம். நிறைந்த சிலிண்டரின் எடை அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். நகைக் கடைத் தராசில் வைத்து நிறுங்கள். இரண்டு கிராமுக்கு மேல் குறைந்தால் மாற்றுங்கள். துரு ஏறிய சிலிண்டரும் கூடாது, அந்தத் துரு பையின் துணியை அரிக்கும். பிறகு ஊதுகுழாயில் வாய் வைத்துப் பையைக் கெட்டியாகும்வரை ஊதி, ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் கதை முடிந்தது. ஒட்டுப் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தானியங்கி வகையில் உப்பைப்போல் கரையும் வில்லை ஒன்று இருக்கும். அதில் தேதி அச்சிட்டிருப்பார்கள், சாதாரணமாக மூன்று ஆண்டுக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில், தினமும் அலையில் நனையும் படகில், இந்த வில்லை தவறான நேரத்தில் கரைந்து ஜாக்கெட் சும்மாவே உப்பிவிடும். நீரின் அழுத்தத்தை உணர்ந்து இயங்கும் வகை உண்டு; சாரலுக்கும் மழைக்கும் அசையாது, விலைதான் ஏறும்.

மறுபடி மடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உள்ளே இருக்கும் காற்றை முழுக்கப் பிழிந்து வெளியேற்றி, உறையில் அச்சிட்ட படத்தைப் பார்த்து அதே வரிசையில் மடிக்க வேண்டும். முறுக்கக் கூடாது. இழுகயிற்றின் கைப்பிடி வெளியே தொங்க வேண்டும். அதை ‘அழகாக’ உள்ளே திணித்துவிட்டால் இருட்டில் தேடிக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. எஞ்சின் அதிர்வில் சிலிண்டரின் மரை தளரும். கடலுக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் கையால் முறுக்கிப் பாருங்கள். மேலே மழைக்கோட்டோ சட்டையோ போடாதீர்கள். பை உப்பும்போது மார்பை நெருக்கிவிடும்.

இன்னொரு ஆபத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார். 1996 நவம்பர் 23 அன்று கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று கொமரோஸ் தீவருகே கடலில் விழுந்தது. விழுந்ததில் உயிரோடு தப்பியவர்களில் சிலர் ஜாக்கெட்டை உள்ளேயே ஊதிவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஏற ஏற அவர்கள் கூரையோடு ஒட்டிக்கொண்டார்கள், வாசலுக்கு முங்கிப் போக முடியவில்லை. விசைப்படகின் அறைக்குள் தூங்குபவருக்குத் தானியங்கி ஜாக்கெட் மாட்டிவிட்டால், படகு கவிழும்போது இதே கதிதான்.

யாருக்கு எது?

ஃபைபர் படகுக்கு நுரைதான், 150 நியூட்டன். உடம்போடு ஒட்டும், முன்பக்கம் வளையங்கள் இல்லாத, பக்கவாட்டில் வார் கட்டும் வகையைத் தேடுங்கள். தொங்கும் வார் நுனியை டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள். ஜாக்கெட் பெரிதும் தேவைப்படுவது வலை இழுக்கும் நேரத்தில் இல்லை, போகும்போதும் வரும்போதும்தான். அலை உடையும் இடத்திலும் முகத்துவாரத்திலும் படகு புரளும். கெடிலமும் உப்பனாறும் கடல் சேரும் கடலூர் வாய், பரங்கிப்பேட்டை அன்னங்கோயிலில் வெள்ளாற்று வாய் ஆகியவற்றில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வலை போடும்போது கழற்றத்தான் வேண்டும் என்றால் கழற்றுங்கள். முகத்துவாரம் தாண்டும்வரை மட்டும் பிடிவாதமாகப் போட்டிருங்கள். நாள் முழுக்கப் போடச் சொல்லி எவரும் போடாமல் விடுவதைவிட இது மேல்.

விசைப்படகில் சங்கதி வேறு. அங்கே பயம், இரவில் ஒருவர் தனியாகப் பின்பக்கம் போய் வழுக்கி விழுவதில் இருக்கிறது. எஞ்சின் சத்தத்தில் கூப்பாடு கேட்காது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் படகு எங்கே இருக்கிறது என்று சொல்லும், விழுந்தவர் எங்கே என்று சொல்லாது. ஆகவே ஆளுக்கு ஒரு நுரை ஜாக்கெட்டை அறைக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் தொங்கவிட்டு, இரவில் தளத்தில் நிற்கும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் கையால் இழுக்கும் காற்று ஜாக்கெட் வாங்கலாம். அதிலும் நிபந்தனை: படகு உரிமையாளர் வருடச் சோதனைக்கு ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். முடியாதென்றால் அந்தப் பணத்துக்கு விசிலும் விளக்கும் வைத்த நல்ல நுரை ஜாக்கெட்டே வாங்கட்டும்.

பிச்சாவரத்தில் நீங்கள் வாங்கப் போவதில்லை, கொடுப்பதை மாட்டப் போகிறீர்கள். வாய்க்கால் பல இடங்களில் ஆழம் குறைவு. அதனாலேயே அலட்சியம் வருகிறது. ஆனால் சேறும் வேர்களும் காலைப் பிடித்துக்கொண்டால் இடுப்பளவு நீரும் போதும். படகுத்துறையில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள்: எல்லாக் கொக்கியும் பூட்டுகிறதா, கிழிசல் உண்டா? குழந்தைக்கு மாட்டிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரியவர்களுடையது, சிறியதைக் கேளுங்கள், இல்லையென்றால் குழந்தையை ஏற்றாதீர்கள். சேலை கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் செருகிவிட்டு அதன்மேல் ஜாக்கெட்டைக் கட்ட வேண்டும். கால்களுக்கிடையே போகும் வார் சேலைக்கு ஒத்துவராது என்பதால் இடுப்பு வாரை இன்னும் ஒரு பிடி இறுக்குங்கள். போட்டோவுக்காகக் கழற்றுவதை என்ன சொல்ல! 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாவில் 14 பேர். இரண்டுமே சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படகுகள்.

மிதவை வளையம் ஜாக்கெட்டுக்கு மாற்று கிடையாது, துணை. கயிறு கட்டி, முடிச்சுப் போடாமல், எடுத்தவுடன் வீசும்படி வைத்தால்தான் உபயோகம். காலி 20 லிட்டர் கேன் கணக்குப்படி ஜாக்கெட்டைவிட அதிகமே தாங்கும். 2017இல் ஒக்கிப் புயலில் கேனையும் கவிழ்ந்த படகையும் பற்றிக்கொண்டு தப்பியவர்கள் உண்டு. ஆனால் பற்றிக்கொள்ளக் கையில் வலு இருக்கும்வரைதான் அது துணை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்குப் பெயின்ட் அடிக்கிறோம், எஞ்சினைப் பிரிக்கிறோம், வலை பின்னுகிறோம். ஜாக்கெட்டுகளையும் அப்போதே கரைக்கு இறக்கிச் சோதித்து, அழியாத மையில் தேதியும் சோதித்தவர் பெயரும் உட்புறத்தில் எழுதுங்கள். அதற்குக் கீழேயே இந்த இரண்டு எண்களையும் எழுதிவிடுங்கள்: இந்தியக் கடலோரக் காவல்படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.