ப்ரூடென்ட்னா கஞ்சத்தனமா? உங்க சம்பள ஸ்லிப்லயே பதில் இருக்கு!

ரிசர்வ் வங்கியின் 'ப்ரூடென்ஷியல் நார்ம்ஸ்' பற்றி செய்திகளில் படித்திருப்பீங்க. அதுக்கு அடிப்படையான 'ப்ரூடென்ட்' என்ற சொல்லைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

அர்த்தம்: முன்யோசனையுள்ள, வரப்போவதை எண்ணி முடிவெடுக்கிற.

லத்தீனில் 'ப்ரோவிடென்ஸ்' என்றால் முன்கூட்டியே பார்ப்பவர். அது சுருங்கி 'ப்ரூடென்ஸ்' ஆனது. அதிலிருந்து வந்ததுதான் ப்ரூடென்ட். மாசாமாசம் சம்பளத்தில் பிடிக்கிறாங்களே, ப்ராவிடன்ட் ஃபண்ட்? அந்த 'ப்ராவிடன்ட்'டும் இதே வேர்தான்!

அப்போ ரிஸ்க்கே எடுக்கக் கூடாதா? அப்படி இல்லை. 1830இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு வழக்கு. அறக்கட்டளைப் பணத்தை நிர்வாகிகள் பங்குகளில் போட்டாங்க, மதிப்பு இறங்கிடுச்சு. ஹார்வர்டு கல்லூரி வழக்குப் போட்டது. நீதிமன்றம் நிர்வாகிகள் பக்கம் நின்றது. எதில் போட்டாலும் முதலுக்கு ஆபத்து உண்டு. விவேகமுள்ளவர் தன் சொந்தப் பணத்தைக் கையாள்வதுபோல் நடந்தார்களா என்பதே கேள்வி என்றது. 'ப்ரூடென்ட் மேன் ரூல்' பிறந்தது இப்படித்தான்.

பயன்படுத்தும் விதம்:
- ஆறு மாதச் செலவை எமர்ஜென்சி ஃபண்டாக வைப்பது ப்ரூடென்ட்.
- நண்பர் சொன்னார்னு கடன் வாங்கி ஷேர் வாங்குவது இம்ப்ரூடென்ட். லாபமே வந்தாலும்!

செலவைக் குறைப்பவர் 'ஃப்ரூகல்'. யோசித்துச் செலவழிப்பவரும், யோசித்து ரிஸ்க் எடுப்பவரும் ப்ரூடென்ட்.

அடுத்த முதலீட்டுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: இது இறங்கினா, அடுத்த மாச வாடகை கட்ட முடியுமா?