உரோமானிய வெள்ளிக்காசுகளில் உருவமும் பொருளும்: கேயஸ் – லூசியஸ் காசினை முன்வைத்து

முன்னுரை

காசு வணிகக் கருவி மட்டுமன்று. அதை வெளியிட்ட அரசு தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விழைந்தது என்பதற்கான சான்றும் ஆகும். கி.மு. 211 அளவில் அறிமுகமான தினாரியஸ் என்னும் உரோமானிய வெள்ளிக்காசின் உருவங்கள் தாய்நிலத்திலும் தென்னிந்தியாவிலும் பெற்ற பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

குடியரசுக் கால உருவங்கள்

தொடக்கக் காலத் தினாரியஸின் முன்புறத்தில் தலைக்கவசம் அணிந்த உரோமா தேவியும், பின்புறத்தில் குதிரைமீது விரையும் இரட்டைத் தெய்வங்களும் இடம்பெற்றன. பின்னர்க் காசடிப்பு அலுவலர்கள் தம் முன்னோரின் புகழைக் கூறும் காட்சிகளைப் பொறித்தனர். உயிரோடிருப்பவரின் முகத்தை உரோம நகரக் காசில் பொறிக்கும் வழக்கம் இல்லை. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் முகம் பொறிக்கப்பட்டபோது அம்மரபு முறிந்தது. சீசரைக் கொன்ற புரூட்டஸ், இரு குறுவாள்களும் விடுதலைத் தொப்பியும் கொண்ட தம் காசின் மறுபுறத்தில் தம் முகத்தையே பொறித்தார். தனியாட்சியை எதிர்த்தவரும் பழைய மரபுக்குத் திரும்பவில்லை என்பது கருதத்தக்கது.

கேயஸ் – லூசியஸ் காசு

அகஸ்டஸ் கி.மு. 2 முதல் லுக்டுனம் நகரில் வெளியிட்ட காசில் கேடயங்களுடனும் ஈட்டிகளுடனும் இரு இளைஞர் நிற்கின்றனர். அவர்கள் அகஸ்டஸ் மகன்களாக ஏற்ற மகள்வழிப் பேரர்களான கேயஸும் லூசியஸும் ஆவர். அடுத்த ஆட்சியாளர் இவர்களே என்பது அவ்வுருவத்தின் செய்தி. லூசியஸ் கி.பி. 2இலும் கேயஸ் கி.பி. 4இலும் இறந்தமையால் அச்செய்தி பொய்த்தது.

தென்னிந்தியப் புழக்கம்

செய்தி பொய்த்தபின்னும் காசு மதிப்பிழக்கவில்லை. இக்காசும், அமர்ந்த பெண்ணுருவம் கொண்ட டைபீரியஸின் காசும் கொங்குப் பகுதி உள்ளிட்ட தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. இவற்றைப் பின்பற்றி இந்தியாவில் அடிக்கப்பட்ட போலிகளும் உண்டு. அவற்றுள் சிலவற்றில் உருவம் பேணப்பட, எழுத்துகள் சிதைந்துள்ளன. எனவே, அடித்தவர்க்கு வாசகத்தைவிட உருவமே இன்றியமையாததாக இருந்தது எனலாம்.

கி.பி. 64இல் நீரோ தினாரியஸின் எடையையும் வெள்ளித் தூய்மையையும் குறைத்தார். அதன்பின் வெளிவந்த தினாரியஸ்கள் இங்கு அரிதாகவே கிடைக்கின்றன. இதனால் மட்டும் வணிகம் நின்றது எனக் கொள்ளல் பொருந்தாது. தூய்மை மிக்க பழங்காசுகளே தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டிருக்கக்கூடும். ஆகவே, காசிலுள்ள பேரரசரின் காலத்தையே அக்காசு இங்கு வந்த காலமாகக் கொள்ளுதல் பிழைக்கு இடந்தரும். யவனர் பொன்னொடு வந்து மிளகு கொண்டு சென்றதை அகநானூறு 149ஆம் பாடல் குறிக்கிறது. வெள்ளியின் பங்கினை உணரக் காசுச் சான்றே துணைநிற்கிறது.

முடிவுரை

உரோமில் அரசுரிமையை அறிவித்த உருவம் தென்னிந்தியாவில் நல்வெள்ளியின் அடையாளமாயிற்று. காசின் உருவத்தை ஆராய்வோர், அது அடிக்கப்பட்ட இடத்தோடு புழங்கிய இடத்தையும் கருதுதல் வேண்டும்.