இவை என் எழுத்து
(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

கையெழுத்து மெய்யா பொய்யா என்ற வழக்கு தமிழிலக்கியத்தில் ஒரு திருமணப் பந்தலில் தொடங்குகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தைப் பயின்றோர் இதனை அறிவர். புத்தூரில் நம்பியாரூரரின் மணம் நடக்கும் வேளையில் முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து நிற்கிறார். ஆரூரரின் பாட்டனார் தமக்கு எழுதிக் கொடுத்த அடிமை ஓலை அது என்கிறார். ஆரூரர் அதைப் பறித்துக் கிழித்து எறிந்துவிடுகிறார். முதியவர் கலங்கவில்லை. கிழிந்தது படியோலைதான், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்று சொல்லி அவரை அங்கே அழைத்துப் போகிறார்.

பக்தியுணர்வோடு படிப்போர் பெரும்பாலும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவர். வரலாறு பயிலும் மாணவனாகிய நான் அந்த ஊரவையிலேயே நின்றுவிட்டேன். அங்கு நடப்பது என்ன? மூல ஓலையை வாங்கிக் கரணத்தான் படிக்கிறான். சான்றெழுத்து இட்டவர்கள் அது தங்கள் எழுத்தே என்று ஒப்புகின்றனர். அதோடு அவை அமைதியடையவில்லை. ஆரூரரின் பாட்டனார் கையால் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பு நோக்குகிறது. எழுத்து ஒத்திருக்கக் கண்ட பிறகே தீர்ப்பு வருகிறது.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தைப் புரட்டுங்கள். ஒருவருடைய கையெழுத்தில் பழக்கமுள்ளவரின் கருத்தை ஏற்கலாம் என்கிறது 47ஆம் பிரிவு. ஐயத்திற்குரிய கையெழுத்தை, மெய்ப்பிக்கப்பட்ட வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்கிறது 73ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அச்சட்டத்தின் இடத்திற்குப் புதிய சாட்சியச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நெறி மாறவில்லை. வெண்ணெய்நல்லூர் அவையோர் இச்சட்டங்களை அறியாமலே இவ்வழியில் நடந்திருக்கின்றனர்.

கல்வெட்டுகளிலும் இதே கவலையைக் காணலாம். சோழர் காலத்து ஆவணங்களின் இறுதியில் 'இவை இன்னார் எழுத்து' என்று கையொப்பங்கள் வரிசையாக வரும். எழுத அறியாதவன் தன் அடையாளமாக ஒரு குறி இடுவான், அது தற்குறி. அக்குறி அவனுடையதே என்று இன்னொருவர் எழுத்தால் உறுதி கூறுவார். இன்று நாம் ஏச்சாக வழங்கும் சொல்லுக்கு இப்படி ஒரு மதிப்பான பிறப்பு இருந்திருக்கிறது!

ஓலையும் கல்லும் நிற்க. நம் காலத்தில் கையெழுத்துக்கு இன்னொரு தொழிலும் சேர்ந்துவிட்டது. எதையும் ஒப்புக்கொள்வதற்காக அல்லாமல், நினைவுக்காக மட்டும் இடப்படும் கையெழுத்தையே 'ஆட்டோகிராஃப்' என்கிறோம். ஆண்டிறுதியில் நம் வகுப்புகளில் வண்ணத்தாள் ஏடுகள் கைமாறுவதை யார் அறியார்? சீசன் நாட்களில் கோடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு நடிகர் வந்து இறங்கிவிட்டால் போதும். குதிரைக்காரர் முதல் கல்லூரிப் பெண்கள் வரை தாளும் பேனாவுமாகச் சூழ்ந்துகொள்வர். தாள் கிடைக்காதவர்கள் பாறையிலும் மரத்திலும் தம் பெயரையே கீறிவிட்டுப் போகிறார்கள். அந்தக் கையெழுத்தை எவரும் போலி செய்யப் போவதில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

இந்த நினைவுக் கையெழுத்தைப் பொதுப் பணிக்குப் பயன்படுத்திக்கொண்டவர் காந்தியடிகள். தம் கையெழுத்துக்கு 5 ரூபாய் என்று விலை வைத்து, வந்த பணத்தை அரிசன நிதியில் சேர்த்தார். 1934 ஜனவரியில் மலபாரின் வடகரையில் கௌமுதி என்ற 16 வயதுப் பெண் தன் தங்க நகைகளைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுக் கையெழுத்துக் கேட்டாள். அவர் வெறும் பெயரை மட்டும் எழுதித் தரவில்லை. நகையைவிட அவளுடைய துறவே உண்மையான அணிகலன் என்னும் கருத்தில் ஒரு வரியும் எழுதித் தந்தார். அந்தத் தாளுக்குச் சந்தையில் என்ன விலை வரும் என்று யாராவது கணக்கிடலாம். கௌமுதி அதற்குக் கொடுத்த விலையை எந்தச் சந்தையில் கணக்கிடுவது?

அரிசன மக்களுக்குத் திறக்காத கோயிலுக்குள் போவதில்லை என்ற உறுதியோடு இருந்தவர் அவர். 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயில் கதவு அம்மக்களுக்குத் திறந்தது. 1946 பிப்ரவரித் தொடக்கத்தில் காந்தியடிகள் மதுரைக்கு வந்தார். அப்படியே நம் பழனிக்கும் வந்தார். இராஜாஜி உடன் இருந்தார். அந்நாளைப் பற்றி எங்கள் பகுதியில் முதியவர்கள் சொல்லாத கதை இல்லை. அக்கதைகளில் ஒன்று எங்கள் குடும்பத்தில் ஒரு கணக்கு நோட்டாகவே இருக்கிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

என் தந்தையின் அத்தைக்கு அப்போது வயது 11. நாங்கள் எல்லோரும் அவரை அப்பத்தா என்றே அழைப்போம். அவருடைய தந்தை கீழ்ப்பழனி மலையிலிருந்து மலைவாழைத் தார்களைக் குதிரை முதுகில் ஏற்றி இறக்கி விற்றுவந்தவர். காந்தியைப் பார்க்க மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர், தம் வாழைக்கணக்கு நோட்டையும் 5 ரூபாயையும் ஒரு தொண்டரிடம் நீட்டியிருக்கிறார். மாலையில் நோட்டு திரும்பி வந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் தமிழில் 'மோ.க.காந்தி' என்று இருந்தது. அந்த 5 ரூபாய்க்காக அப்பத்தாவின் தாயார் ஒரு மாதம் கணவரோடு பேசவில்லையாம்.

காந்தியடிகள் தமிழில் கையெழுத்திடுவார் என்பது பலரும் அறிந்த செய்தி. தென்னாப்பிரிக்காவில் நம் தொழிலாளரோடு பழகிய நாளிலேயே தமிழ் கற்க முயன்றவர் அவர். ஆகவே தமிழில் இருப்பது ஐயத்திற்கு உரியதன்று. ஐயம் வேறிடத்திலிருந்து வந்தது. சென்ற கோடையில் பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் கோடைக்கானலிலிருந்து இறங்கி வந்து நோட்டைப் பார்த்தார். மெய் என்று சான்றிதழ் இருந்தால் 40,000 ரூபாய், இல்லையேல் 500 ரூபாய் என்றார். என் தங்கை செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்த நேரம் அது. வீட்டில் அந்த 40,000 என்ற எண்ணை எவராலும் மறக்க முடியவில்லை. வரலாறு படிக்கிறவன் நான்தானே என்று ஆராயும் வேலையை என்னிடம் விட்டார்கள்.

முதலில் மையைப் பார்த்தேன். குண்டுமுனைப் பேனா நியூயார்க் கடைகளில் விற்பனைக்கு வந்ததே 1945 அக்டோபரில்தான். நான்கே மாதத்தில் அது பழனித் தொண்டர் கைக்கு வந்திருக்கும் என்று நம்புவது கடினம். நோட்டில் இருந்ததோ முனைப்பேனா எழுத்து. மை தாளில் ஊறிப் பின்பக்கம் பழுப்பாகத் தெரிந்தது. அடுத்து, பூதக்கண்ணாடி. அச்சிட்ட கையெழுத்தாக இருந்தால் கோடு சிறு புள்ளிகளாகச் சிதறித் தெரியும். பார்த்து வரைந்ததாக இருந்தால் கோட்டில் நடுக்கமும், நடுநடுவே பேனாவை எடுத்து வைத்த தடமும் இருக்கும். தன் பெயரைத் தானே எழுதுகிறவன் அப்படித் தயங்குவதில்லை. நோட்டில் புள்ளியும் இல்லை, தயக்கமும் இல்லை.

மூன்றாவதாகத் தாள். இதற்கு இயற்பியல் துறையில் இருந்த புற ஊதா விளக்கு உதவியது. இன்றைய தாள்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் ஒருவகை வேதிப்பொருள் அவ்விளக்கில் நீலமாக ஒளிரும். பழைய தாள் ஒளிராது. 1983இல் ஜெர்மனியின் 'ஷ்டெர்ன்' இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று பெரும்பணம் கொடுத்து வாங்கியவற்றைக் காட்டிக்கொடுத்ததும் இத்தகைய வெண்மைப் பொருள்தான். அவ்வழக்கில் இன்னொரு பாடம் இருக்கிறது. எழுத்து வல்லுநர்கள் அந்நாட்குறிப்பை ஹிட்லரின் கையெழுத்தோடு ஒப்பிட்டு, 'மெய்' என்றே முதலில் சொன்னார்கள். அவர்கள் ஒப்புக்கு எடுத்துக்கொண்ட தாள்களில் சிலவும் அதே கோன்ராட் குயாவ் எழுதிய போலிகள்! போலியைப் போலியோடு வைத்தால் ஒத்துத்தானே இருக்கும்? ஒப்பு ஓலை 'காப்பிலிருந்து' வந்தது என்று சேக்கிழார் சொல்வதன் அருமை எனக்கு இங்கேதான் விளங்கிற்று.

சரி, சான்றிதழை நம்பலாமா? அமெரிக்காவில் 1990களில் மத்தியப் புலனாய்வுத் துறையினர் விளையாட்டு வீரர்களின் போலிக் கையெழுத்துக் கும்பல்களைப் பிடித்தார்கள். சான்றிதழ்களும் போலியாகவே இருந்தன. அகப்பட்டவற்றுள் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன. அன்னையின் பெயரால் 1984இல் அமைந்த மகளிர் பல்கலைக்கழகத்தைக் கோடைக்கானலில் வைத்திருக்கும் நமக்கு இதைக் கேட்டு நகைப்பதா, நோவதா என்று தெரியவில்லை.

சான்றிதழைவிட வலியது, பொருள் வந்த வழி. இதற்கும் கோடைக்கானலே நல்ல எடுத்துக்காட்டு. அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வந்திருக்கிறார்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தது அக்கூடத்தில்தான். நூறாண்டுக்கு முந்திய ஒரு கண்ணாடித் தகட்டை இன்று ஓர் ஆய்வாளர் ஐயமின்றி எடுத்தாளுகிறார். ஏன்? அது எடுத்த இடத்திலேயே, எடுத்த நாளின் கணக்கோடு இருந்து வந்திருக்கிறது. இன்னும் ஐயமானால், அதே நாளில் வேறு நாட்டில் எடுத்த படத்திலும் அதே புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம். அதுவும் ஒப்பு ஓலைதான்.

எங்கள் நோட்டு 1946 முதல் ஒரே தகரப்பெட்டியில் இருந்திருக்கிறது. முன்பக்கங்களில் வாழைத்தார்க் கணக்கு, அவ்வாண்டுத் தேதிகளோடு இருக்கிறது. இவை நல்ல சான்றுகளே. ஆனால் வழியில் ஓர் இடைவெளி உண்டு. தொண்டர் கையில் நோட்டு போனதற்கும் மாலையில் திரும்பியதற்கும் இடையே என்ன நடந்தது? அப்பத்தா காந்தியைத் தூரத்தில் பார்த்தாரே அன்றி, அவர் எழுதியதைப் பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எனக்குக் கிடைத்ததும் நூல்களில் அச்சான படங்கள்தாம், மூல எழுத்தன்று. போதாக்குறைக்கு, காந்தியடிகள் இரு கையாலும் எழுதுவார். 1909இல் கப்பலில் 'இந்து சுயராஜ்யம்' எழுதியபோது, வலக்கை ஓய்ந்ததும் இடக்கையால் தொடர்ந்தார். இரு கை எழுத்தும் ஒன்றுபோல் இரா. ஆகவே என் முடிவு இதுதான்: பொய் என்று சொல்ல அந்நோட்டில் ஒன்றுமில்லை, மெய் என்று சொல்ல இன்னும் ஒன்று வேண்டும்.

இதை நான் வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பத்தா மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏஞ் சாமி, அந்தக் கையெழுத்து காந்தியோடது இல்லேன்னா, எங்கப்பா குடுத்த அஞ்சு ரூவாயும் இல்லேன்னு ஆயிருமா?"

என் ஆராய்ச்சியில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. வாங்க வந்தவருக்கு அந்நோட்டின் கடைசிப் பக்கம் மட்டும்தான் வேண்டும். முன்பக்கங்களைக் கிழித்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னார். அப்பத்தாவுக்கோ முன்பக்கங்கள்தாம் நோட்டு. அவருடைய தந்தையின் எழுத்தாக உலகில் மிஞ்சியிருப்பது அவ்வளவே. அது மெய்யா என்று எவரும் கேட்டதில்லை. 2009 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் காந்தியடிகளின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, கடிகாரம் முதலியவை 18 லட்சம் டாலருக்குப் போயின. மதுரை காந்தி அருங்காட்சியகத்தில் அவர் இறுதியாக உடுத்திய குருதி தோய்ந்த துணியை எவரும் விலை கொடாமலே பார்க்கலாம். இரண்டு மதிப்புகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஒன்றை மற்றொன்றின் துலாக்கோலில் நிறுப்பதுதான் நாம் செய்யும் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது.

நோட்டை விற்கவில்லை. தங்கையின் கட்டணத்துக்கு அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினார். அது இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு தாளில், அப்பத்தா சொன்னவற்றை அவர் சொன்னபடியே எழுதினேன்: எந்த ஊர், யார் தோளில் அமர்ந்திருந்தார், நோட்டு எப்போது திரும்பி வந்தது, எதை அவர் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை. தொண்டரின் பெயர் அவருக்கு நினைவில்லை, அதையும் எழுதினேன். படித்துக் காட்டியபோது ஓரிடத்தில் திருத்தினார். ஐந்து ஒற்றை ரூபாய்த் தாள்கள் அல்லவாம்; மூன்று தாளும், மீதி சில்லறையுமாம்.

90 வயதில் கை நடுங்குகிறது. ஆயினும் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டார். பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகத் தம் பெயரை எழுதினார். நான் சான்றெழுத்து இட்டு, தேதி போட்டேன். தாள் இப்போது நோட்டுக்குள் இருக்கிறது.