பழைய விண்டோஸ்: மாற்றலாமா, வேண்டாமா?

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க யாரும் வரமாட்டார்கள். புளியறை போன்ற எல்லை ஊரில் இ-வே பில் எடுக்க, பேங்க் கணக்குப் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே கம்ப்யூட்டரை நம்பியிருக்கும் கடைக்காரர்கள் தள்ளிப்போடவே கூடாது.

செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், விண்டோஸ் 11 ஏறுமா என்று அதுவே காட்டிவிடும். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும். 4 ஜிபி ராம் போதும் என்கிறது மைக்ரோசாஃப்ட். என்னைக் கேட்டால் 8 ஜிபி இல்லாமல் ஏற்றாதீர்கள். விண்டோஸ் 11 ஏறாத வீட்டுக் கம்ப்யூட்டரை மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும்.

அரசு தந்த பழைய இலவச லேப்டாப்பா? அவற்றில் பல, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தவை. பிள்ளைகள் படிக்க, பிரவுசர் பார்க்க மட்டும் என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டினால் வேகம் கண்ணுக்கே தெரியும்.

கை வைப்பதற்கு முன் போட்டோ, சான்றிதழ், டேலி கணக்கு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். வானவில் எழுத்துருவில் அடித்த பத்திரம், மனுக்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் தமிழ் வெறும் குறிகளாகத்தான் தெரியும்.